பிடி அரிசி

போன வாரம் மகளோட பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. சேவைச் சங்கத்துக்காக ஆளுக்கு ஒரு கிலோ பொன்னி அரிசி, பாக்கெட்டாக, பிரிக்காமல் கொண்டுவர வேண்டுமாம். 'பிரிக்காமல்' என்ற சொல்லை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். எழுதினவருக்கு அனுபவம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் படித்ததும் மதுரையில் ஒரு கத்தோலிக்கப் பள்ளிதான். 1988-ல் ஒன்பதாம் வகுப்பு. சபைகளுக்குப் பஞ்சமே கிடையாது. பூசைக்கு உதவுகிற பீடச் சிறுவர்கள், அவர்களுக்குச் சிவப்பு அங்கி. பாட்டுக்குழு, அவர்களுக்கு ஆர்மோனியம். ஒய்.சி.எஸ். என்று ஒரு கிறிஸ்தவ மாணவர் இயக்கம், எங்களை மாதிரி இந்துப் பையன்கள் சேர்ந்தால் அதற்கே ஒய்.எஸ்.எம். என்று பெயர். 'பார், சிந்தி, செயல்படு' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு முதல் சொல்லோடு அன்றைய கூட்டத்தை முடித்துக்கொள்வார்கள். மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை இந்த இரண்டும்தான் பள்ளி கேட்டைத் தாண்டி வெளியே போகிறவை.

நான் வின்சென்ட் சபையில் சேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் கணக்கு. சபைக்காரர்கள் வகுப்பு வகுப்பாகப் போய் அரிசி டின் எடுக்க அந்தப் பீரியடில் எழுந்து போகலாம். என் பெஞ்சுக்காரன் ஏற்கெனவே அப்படிப் போய்க்கொண்டிருந்தான். பொறுப்பாக இருந்த பிரதர், "ஜெபம் தெரியுமா தம்பி?" என்று கேட்டார். மூன்று வருஷம் காலை அசெம்பிளியில் நின்றவனுக்குத் தெரியாமல் இருக்குமா? 'அருள் நிறைந்த மரியே'யை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். சேர்த்துக்கொண்டார்.

முதல் கூட்டத்தில் அவர் சபை பிறந்த கதையைச் சொன்னார். 1833, பாரிஸ். ஓசானாம் என்று ஒரு கல்லூரி மாணவர். கிறிஸ்தவம் அந்தக் காலத்தில் உலகத்துக்கு என்னவெல்லாம் செய்தது என்று ஒரு விவாதத்தில் முழங்கிக்கொண்டிருந்தபோது எதிர்த்தரப்பில் ஒருவன், அதெல்லாம் சரி, இன்னைக்கு நீங்க என்ன செய்றீங்க என்று கேட்டுவிட்டானாம். பதில் இல்லை. நாலைந்து நண்பர்களோடு சேர்ந்து ஏப்ரல் 23-ந்தேதி முதல் கூட்டம் போட்டார். அன்றைக்குத்தான் அவருக்கு 20 வயது நிறைந்தது. ரோசலி என்ற கன்னியர்தான் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவர்களுக்கு வழிகாட்டினாராம். எனக்குப் பதினாலு வயசு. இன்னும் ஆறு வருஷம் இருக்கே என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வேலை பிடி அரிசி. வீட்டில் உலைக்கு அரிசி அளக்கும்போது அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட வேண்டும். வாரத்துக்குச் சேர்ந்ததைப் பையன்கள் கொண்டுவந்து வகுப்பு டின்னில் கொட்டுவார்கள். டின்கள் எல்லாம் ஒரு சாக்குக்குள் போகும். பச்சரிசி, புழுங்கல், ஐ.ஆர்.20, ரேஷன், எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. எங்கம்மா போட்டது ரேஷன். "தானத்துக்கு இது போதாதா?" என்பது அம்மாவின் கட்சி.

சேர்ந்த அரிசியை ஏழை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். இரண்டு இரண்டு பேராகத்தான் போக வேண்டும், அது சபை விதி. எனக்கும் பெஞ்சுக்காரனுக்கும் விழுந்தது மதிச்சியத்தில் ஒரு பாட்டி. ஏ.வி. பாலத்தில் பையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போவோம். வைகையில் தண்ணீர் ஓடியதாக ஞாபகமே இல்லை, மாடுகள்தான் நிற்கும்.

மூன்றாவது வாரம் பாட்டி எங்களை உட்காரச் சொல்லிவிட்டு முறத்தில் அரிசியைக் கொட்டிக் காட்டியது. "ஏய்யா, இத எப்படிப் பொங்குறது? பச்சரிசி குழஞ்சு கூழாப் போயிருது. புழுங்கலு வெறைச்சுக்கிட்டு நிக்குது. இந்தா, இது நாத்தம்." விரலால் ஒதுக்கிய அந்தப் பழுப்பு அரிசி எங்கள் வீட்டு அரிசி மாதிரியே இருந்தது. பத்து வகுப்பிலும் ரேஷன் அரிசி வந்திருக்கும்தான். ஆனாலும் அதன்பிறகு நான் முறத்தைப் பார்க்கவில்லை.

பாட்டியே அதற்கு வழியும் வைத்திருந்தது. சந்து முனையில் இட்லிக்கடை போட்டிருந்த அம்மாவிடம் நாங்கள் தரும் அரிசியைக் கொடுத்துவிடும். பதிலுக்கு வாரம் முழுக்கக் காலையில் இட்லி. "அரைச்சுட்டா எல்லா அரிசியும் ஒண்ணுதானய்யா" என்றது.

இதைப் போய் அடுத்த கூட்டத்தில் அறிக்கையாகப் படித்தோம். பெரிய ரகளை. செயலாளராக இருந்த பத்தாம் வகுப்பு அண்ணன், "அப்ப அது விக்கிற மாதிரித்தான பிரதர்? அந்த வீட்ட நிப்பாட்டிரலாம்" என்றான். பாதிப் பேர் அவன் பக்கம். பிரதர், "குடுத்தப்புறம் அது யாரு அரிசி?" என்று மட்டும் கேட்டார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நடவடிக்கைக் குறிப்பில் 'விவாதிக்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டான் அண்ணன்.

கூட்டம் முடியும்போது ஒரு துணிப்பை சுற்றி வரும். மூடிய கையை உள்ளே விட்டு, போடுவதைப் போட்டுவிட்டு, மூடிய கையாகவே எடுக்க வேண்டும். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக. வெறுங்கையைவிட்டு வெறுங்கையை எடுக்கவும் இது ரொம்ப வசதி. ஒரு தடவை பையைக் கொட்டியபோது சில்லறையோடு ஒரு சட்டைப் பட்டன் விழுந்தது. நான் இல்லை. சத்தம் வர வேண்டுமே என்று அந்த யோசனை எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

மரியாயின் சேனைப் பையன்களை நாங்கள் கேலி பண்ணுவோம். அவர்களும் ஞாயிற்றுக்கிழமை பெரியாஸ்பத்திரி வார்டுக்குப் போவார்கள். ஆனால் பணமோ பொருளோ எதுவும் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். ஒரு பன் கூடக் கிடையாது. 1921-ல் டப்ளினில் அதை ஆரம்பித்த பிராங்க் டஃப், அதற்கு முன்னால் வின்சென்ட் சபையில்தான் இருந்தாராம். எங்க சபையில இருந்து போனவரு எப்படி இப்படி ஒரு சட்டம் போட்டார் என்று சிரிப்போம். இப்போது அந்தச் சட்டம் எனக்கு அத்தனை வேடிக்கையாகத் தெரியவில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் கட்டில் பக்கத்தில் நின்றால் பேசித்தானே ஆக வேண்டும்? எங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பையை வைத்துவிட்டு, "வர்றோம் பாட்டி" என்றால் முடிந்தது. பாட்டியின் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது.

ஒரு வாரம் தங்கம் தியேட்டருக்குப் போய்விட்டோம். என்ன படம் என்பது இப்போது ஞாபகம் இல்லை. டிக்கெட் கிடைத்த சந்தோஷம் ஞாபகம் இருக்கிறது. அரிசிப் பை எங்கள் வகுப்புக் கடைசி பெஞ்சுக்கு அடியிலேயே கிடந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பெஞ்சுக்காரன் எழுந்து, "பாட்டி நலமாக இருக்கிறார். அரிசியைப் பெற்றுக்கொண்டார்" என்று படித்தான். அண்ணன் எழுதிக்கொண்டான்.

பெஞ்சுக்காரன் இன்னும் உட்காரக்கூட இல்லை, வாசலில் வாட்ச்மேன். பின்னாலேயே பாட்டி. பாலம் தாண்டி நடந்தே வந்திருக்கிறது.

"ஏய்யா, போன வாரம் ஏன் வரல? இட்லிக்காரி கேக்குறாய்யா. அரிசி வருது வருதுன்னு சொல்லி ஒரு வாரமா கடனுக்குத் தின்னுருக்கேன்."

பிரதர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அண்ணன் பேனாவை எடுத்து அந்த வரியை அடிக்கப் போனபோது தடுத்தார். "அது இருக்கட்டும். கீழ எழுது: பாட்டி நேரில் வந்தார்."

பழைய பை, அந்த வாரத்துப் பை, இரண்டையும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு பாட்டிக்குப் பின்னால் நடந்தோம். பாலத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டிதான் மாடுகளைக் காட்டி என்னமோ சொல்லிக்கொண்டு வந்தது. இட்லிக்கடை அம்மா படியால் அளந்து சட்டியில் போட்டுக்கொண்டு, சுவரில் கரியால் போட்டிருந்த கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தது. சாயங்காலத்து ஈடு அப்போதுதான் இறங்கியிருந்தது.

"இந்தப் பிள்ளைகளுக்கு ரெண்டு ரெண்டு வை" என்றது பாட்டி. "என் கணக்குல போட்டுக்க."