தண்ணி வராத ஊரணிக்கு வாக்கிங் பாதை

எங்க ஊரு ஊரணியச் சுத்தி பேவர் பிளாக் பதிச்சாச்சு, சில்வர் கம்பி போட்டாச்சு, சிமெண்டு பெஞ்சு, சோலார் லைட்டு, வாசல்ல பளபளன்னு கிரானைட் கல்வெட்டு, அதுல மேல இருந்து கீழ வரைக்கும் பேரு. எல்லாம் வந்திருச்சு, தண்ணி மட்டும் வரல. காரைக்குடி பக்கந்தான், ஊர் பேரு வேணாம், எழுதுனா நாளைக்கே வாசல்ல ஆள் வந்து நிக்கும்.

செட்டிநாட்டுல வருஷம் பூரா தண்ணி ஓடுற ஆறுன்னு ஒண்ணு கெடையாது. அதனாலதான் அந்தக் காலத்துல ஊருக்கு ஊரு குடிக்க ஒரு ஊரணி, குளிக்க ஒண்ணுன்னு தனித்தனியா வெட்டி வச்சாங்க, மேட்டுல பேயுற மழை வரத்துக்கால், அதாவது தண்ணி கொண்டுவர்ற வாய்க்கால், புடிச்சு வந்து வாசல்ல வண்டலத் தங்க விட்டுட்டு தெளிஞ்ச தண்ணியா உள்ள எறங்கும். வரத்துக்கால் இல்லைன்னா ஊரணி வெறும் பள்ளம், அவ்வளவுதான்.

இப்ப என்ன பண்ணாங்கன்னா, நடக்குற பாதை ஒசரமா இருக்கணும்னு கிராவல் அடிச்சு ஓரத்துக்கு கான்கிரீட் கட்டு கட்டுனாங்க பாருங்க, அது சரியா அந்த வரத்துக்கால் வாய்லயே போய் உக்காந்துருச்சு. அடில ஒரு குழாய் பதிச்சிருந்தா போதும். போன ஐப்பசி மழைக்கு கால்ல வந்த தண்ணி கட்டுல முட்டி நின்னு, அப்புறம் திரும்பி கீழத்தெருவுக்குள்ள போயிருச்சு, ஆத்தாமாரெல்லாம் வாளிய வச்சு வீட்டுத் தண்ணிய அள்ளி ஊத்துறாங்க, பத்தடி தள்ளி ஊரணி காஞ்சு கெடக்கு.

வேலை நடக்கும்போதே சைட்டுல நின்ன சூப்பர்வைசர் பையன்கிட்ட கேட்டேன், தம்பி இங்க தண்ணி வர்ற வழி இருக்கேப்பான்னு. அவன் போன்ல எஸ்டிமேட்டக் காட்டுறான். "இதுல குழாய் இல்லண்ணே. நானா போட்டா எம்-புக்ல எதுல ஏத்துறது, பில்லு வராதுல்ல" அப்படிங்கறான். அவன் சொன்னதுல தப்பே இல்ல. எம்-புக்குங்கறது அளவுப் புத்தகம், நீளம் அகலம் ஒசரம் எழுதுவாங்க, இத்தனை சதுர மீட்டர் பிளாக்கு, இத்தனை கன மீட்டர் கான்கிரீட்டு, என்ஜினீயர் கையெழுத்து, பில் பாஸ். ஊரணிக்குள்ள தண்ணி வந்துச்சான்னு எழுத அதுல எடமே கெடையாது.

டீக்கடைல எல்லாரும் கமிஷன் கமிஷன்ங்கறாங்க. இருக்கட்டும், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஒரு பைசா யாரும் திங்காம அத்தனையும் நேர்மையா கட்டியிருந்தாலும் இந்த ஊரணி காஞ்சுதான் கெடந்திருக்கும், எனக்கு எரிச்சலே அதுலதான்.

இன்னொன்னு, பிளாக்கு பதிச்சது மாசி பங்குனில, அவசர அவசரமா. மார்ச் 31-க்குள்ள செலவு கணக்கு காட்டலைன்னா பணம் திரும்பிப் போயிரும்ங்கற பயம். கடைசி மாசங்கள்ல இப்படி விழுந்தடிச்சு செலவு பண்றது நிதி ஒழுங்குக்கு மீறுனதுன்னு மத்திய அரசோட 2017 பொது நிதி விதிகள்லயே 62-வது விதில எழுதி வச்சிருக்கு. எழுதி என்ன செய்ய, எந்த அரசாங்கமா இருந்தாலும் மார்ச்சு வந்தா ரோட்டுல ஜல்லிதான்.

சரி யாரு பொறுப்புன்னு கேட்டுப் போனா அது தனிக் கூத்து. தமிழ்நாட்டுல 40 ஹெக்டேருக்கு மேல ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், இருக்குற கண்மாய் நீர்வளத்துறைக்கு, அதுக்குக் கீழ இருக்குறது ஊராட்சி ஒன்றியத்துக்கு. எங்க வரத்துக்கால் பெரிய கண்மாயோட கலுங்குல, அதாவது மிச்சத் தண்ணி வெளியேறுற வழில, இருந்து பொறப்படுது, நடுவுல ரோட்டுப் பாலத்துக்கு அடில நுழையுது, ஊரணி ஊராட்சியோடது. ஒவ்வொரு ஆபீசுலயும் மின்விசிறிக்குக் கீழ உக்காந்து பொறுமையா கேட்டுக்கிட்டு அடுத்த ஆபீசக் கை காட்டுறாங்க.

சோப்பு வாங்குனா வரி, செருப்பு வாங்குனா வரி, கூலி வேலைக்குப் போற அக்காவும்தான் கட்டுது, அதனால கேக்குற உரிமை எல்லாருக்கும் இருக்கு. நெறைய பேருக்குத் தெரியாத விஷயம், தகவல் உரிமைச் சட்டம் 2005 வெறும் காகிதம் கேக்குறதுக்கு மட்டும் இல்ல, நடக்குற வேலைய நேர்ல போய்ப் பாக்கலாம், போட்ட பொருள்ல சாம்பிளே கேட்டு வாங்கலாம், 2(ஜே) பிரிவோ என்னமோன்னு தேட வேணாம், மனுவுல அப்படியே எழுதுனா போதும். பீஸு 10 ரூவா, 30 நாளுக்குள்ள பதில் சொல்லணும். நாங்க எம்-புக் நகல் கேட்டோம், வந்துச்சு. அளவெல்லாம் சுத்தமா சரி, நாங்களும் டேப்பு புடிச்சுப் பாத்தோம், ஒரு அடி கொறையல.

அந்த நகலத்தான் அக்டோபர் 2 கிராம சபைல எடுத்து வச்சோம். கட்ட ஒடச்சு குழாய் பதிக்கணும்னு தீர்மானம் எழுதி கையெழுத்தும் போட்டாச்சு. ஒரு நாள் வேலைதான், கொத்தனாரும் ரெடி, குழாய் நாங்களே வாங்கித் தர்றோம்னும் சொல்லியாச்சு. புதுசா முடிஞ்ச வேலைய ஒடச்சா ஆடிட்ல கேள்வி வரும்னு சொல்லி, அனுமதி கேட்டு மேல எழுதியிருக்காங்களாம்.