‘சேதத்திற்கான காரணம்’ என்ற நிரல்

“அண்ணை, இது வெட்டின கம்பி. ஷெல் பட்டு அறுந்ததில்லை” என்று அந்தப் பொடியன் சொன்னதில் பிழையே இல்லை. மின்சார லயினில் வேலை செய்த எவரும் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். சன்னம் பட்டு அறுந்த ஏழு இழைக் கம்பியில் ஒவ்வோர் இழையும் ஒவ்வொரு நீளத்துக்கு இழுபட்டு, நுனி மெலிந்து, தும்புபோல விரிந்து நிற்கும். வெட்டினது என்றால் ஏழும் ஒரே மட்டத்தில் நசுங்கியிருக்கும். அவன் கையில் இருந்த துண்டு நசுங்கித்தான் இருந்தது.

2002இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து, யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்த பிறகு எங்கள் மின்கம்பிகளின் சேத மதிப்பீட்டுக்கு அனுப்பப்பட்டவன். கொழும்பில் வளர்ந்த தமிழ்ப்பிள்ளை, கெட்டிக்காரன், மரியாதையானவன். தூண் தூணாக, தெருத் தெருவாக எழுதிக்கொண்டு போகிறோம். படிவத்தில் ஒரு நிரல்: சேதத்திற்கான காரணம். யுத்தம், களவு, ஏனையவை. மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். நான் ஒவ்வொரு வரியிலும் யுத்தம் என்றே போட்டுக்கொண்டு வந்தேன்.

“எல்லாத்துக்கும் யுத்தம் எண்டே எழுதுறீங்களோ?”

“ஓம் தம்பி. யுத்தம்தான்.”

இவ்வளவுதான் பேச்சு. அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் கேட்காமல் விட்ட அந்த முகம் இன்னும் என்னை விடவில்லை. நான் பொய் எழுதுகிறேன் என்று நினைத்தானா, வயதுக்கு மரியாதை கொடுத்து விட்டானா, தெரியாது.

தொண்ணூறுக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் இருந்த யாழ்ப்பாணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோவில் ரேடியோ, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள். எல்லோருக்கும் தெரிந்த கதை. தெற்கிலிருந்து வன்னி வழியாக வந்த லயின் போன பிறகு எங்கள் தூண்களும் கம்பிகளும் உயிரில்லாமல் நின்றன. கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த பக்கம் அடியோடு போயிற்று. அதைக் கணக்கெடுப்பது சுலபம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். குண்டு விழாத தெருக்களில்தான் எனக்குப் பிரச்சினை. அங்கே தூண்கள் மெல்ல மெல்ல, ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

எங்கே போயின என்று எனக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கையில் ஒரு வாத்தியார் இருந்தார். குண்டு போடும் சியாமாசெட்டி விமானம் வந்து சுற்றத் தொடங்கினால் அவருடைய தாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வளவில் பங்கர் வெட்டிவிட்டார். மேலே போடப் பனங்குற்றி கிடைக்கவில்லை. விழுந்து கிடந்த இரண்டு மரத்தூண்களை எடுக்கலாமா என்று என்னிடம் வந்து கேட்டார். மின்சார அலுவலகத்தில் வேலை செய்பவன் என்று மதித்து அனுமதி கேட்டவர் அவர் ஒருவர்தான். “நான் காணேல்லை, மாஸ்டர்” என்றேன். அடுத்த நாள் தூண்கள் இல்லை. அவற்றின் மேல் மண் நிரப்பிய உரப்பைகள் அடுக்கியிருந்தன.

அந்த இரண்டு தூண்களுக்கும் களவு என்று எழுத முடியுமா? மாட்டேன். அன்றும் மாட்டேன், இன்றும் மாட்டேன். யாழ்தேவி ஓடிய பாதையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் இரண்டு தரப்பின் பங்கர்களுக்கும் காவலரண்களுக்கும் போயின. 1990 ஜூனில் நின்ற ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வர 2014 ஒக்டோபர் ஆயிற்று. அதைக் களவு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படியிருக்க வாத்தியாரை மட்டும் ஏன் கள்ளனாக்க வேண்டும்?

பிற்பாடு இதைப் பற்றி நிறையத் தேடி வாசித்தேன். ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு மேலதிக நெறிமுறைகளில், மக்கள் உயிர்வாழ அவசியமானவற்றைத் தாக்கவோ, அழிக்கவோ, அகற்றவோ, பயனற்றதாக்கவோ கூடாது என்று இருக்கிறது. உணவு, பயிர், கால்நடை, குடிநீர் நிலையங்கள், நீர்ப்பாசன வேலைகள் என்று உதாரணங்களும் உண்டு. அந்த உதாரணங்களில் மின்சாரம் இல்லை. எங்கள் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கும் நிலத்தடி நீர்தான் எங்களுக்கு எல்லாம். கரண்ட் போனால் மோட்டர் நிற்கும், மோட்டர் நின்றால் தோட்டம் காயும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைக்க மண்ணெண்ணெய் வாங்கி முடியாமல், கழற்றி வைத்த துலாவைத் திரும்பப் பூட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டரை எத்தனை மணிக்குப் போடுவது, எப்போது நிறுத்துவது என்பதே தனி ஒரு வேலையாக இருந்தது. ஒரு குண்டும் விழாத இடத்திலும் இவ்வளவும் நடந்தது. இதற்கெல்லாம் யுத்தம் காரணம் இல்லையென்றால் வேறு எது?

சரி, இப்படி நினைத்து மனதை ஆற்றிக்கொள்ளும்போதுதான் ட்ரான்ஸ்ஃபோமர் ஞாபகத்துக்கு வரும்.

அதே நாள், மூன்று தெரு தள்ளி. பெட்டியின் மூடி போல்ட் ஒவ்வொன்றாகக் கழற்றித் திறக்கப்பட்டிருந்தது. எண்ணெய் இல்லை, உள்ளே செப்புச் சுருள் இல்லை. போல்ட் கழற்றும் சாவி போட்டு, பொறுமையாக இருந்து செய்த வேலை. அந்தச் செம்பு பங்கருக்குப் போகவில்லை, நிறுத்து விற்கப்பட்டது. வாங்கியவருக்கு அப்போதும் குறை ஒன்றும் இல்லை, பிறகும் இல்லை. அந்த வரியிலும் நான் யுத்தம் என்றுதான் எழுதினேன். வாத்தியாரின் தூணும் அந்த வியாபாரியின் செம்பும் ஒரே நிரலில், ஒரே சொல்லில் நிற்கின்றன. வாத்தியாரைக் காப்பாற்ற நான் எடுத்த சொல் அந்த வியாபாரியையும் காப்பாற்றிவிட்டது. ஷெல் அடித்தவர்களையும் அதே சொல்தான் மறைக்கிறது. யுத்தம் என்று எழுதினால் ஒருவரும் செய்யவில்லை என்றுதானே ஆகிறது?

ஆனால் களவு என்று போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? களவென்றால் பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் வேண்டும். எந்த வருடத்து முறைப்பாடு, எந்தப் பொலிஸ்? இலக்கம் இல்லாத வரி புனரமைப்புப் பட்டியலில் ஏறாது, அந்தத் தெருவுக்குக் கரண்ட் இன்னும் பிந்தும். நான் எழுதியதால் அந்தத் தெரு பட்டியலில் ஏறியது. அது எனக்குத் திருப்திதான், மறைக்கத் தேவையில்லை.

பொடியன் இப்போது எங்கேயோ பெரிய பதவியில் இருப்பதாகக் கேள்வி. சந்தித்தால் கம்பியைப் பற்றி அவன் சொன்னது சரி என்று சொல்ல வேண்டும். ட்ரான்ஸ்ஃபோமரைப் பற்றி அவன் கேட்டால், அதைக் கழற்றிக் கொடுத்த பையனையும் எனக்குத் தெரியும் என்றும் சொல்ல வேண்டிவரும். தகப்பன் இல்லாத வீடு. அந்தக் காசில்தான் அங்கே சில கிழமை உலை வைத்தார்கள். அவனை எந்த நிரலில் போடுவது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.