காட்டுப்பன்றிக் கறி: சட்டிக்கு முன்னும் பின்னும்

வன்னியிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வரும் பன்றி இறைச்சிப் பொதி பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும்: இரண்டு ஷொப்பிங் பேக், சுற்றிப் பழைய பேப்பர், நடுவில் இன்னும் சூடு ஆறாத இறைச்சி. வெள்ளவத்தைக் குசினியில் அதைப் பிரித்ததும் வரும் கேள்வி, "நல்லா அவிஞ்சாச் சரிதானே?" பாதி சரி.

ஒரு மணித்தியாலம் கொதித்த எலும்புக் கறியைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. காட்டுப்பன்றித் தசை முறுக்கானது. பல்லுக்குப் பதமாகும் வரை அவித்தால் உட்பகுதி 71 பாகை செல்சியஸை எப்போதோ தாண்டியிருக்கும். ட்ரிக்கினெல்லா என்ற தசைப்புழு, டொக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, ஈரலைத் தாக்கும் ஹெப்பட்டைட்டிஸ் ஈ வைரஸ் எல்லாம் அதற்குள் முடிந்துவிடும்.

முடியாதது ஒன்று இருக்கிறது. வெட்டியவரின் கையிலிருந்து ஒட்டிய ஸ்டெபிலோகொக்கஸ் என்ற பக்டீரியா, ஆறு மணித்தியாலம் வெதுவெதுப்பில் கிடந்தால் நஞ்சைச் சுரந்துவிடும். பிறகு கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நஞ்சு போகாது. சாப்பிட்டுச் சில மணித்தியாலத்தில் வாந்தி. ஆகவே அனுப்புபவரிடம் ரிஜிபோம் பெட்டியும் ஐஸும் கேளுங்கள். இறைச்சியின் எடையில் பாதியாவது ஐஸ் வேண்டும். மிருகம் கண்ணியில் எவ்வளவு நேரம் கிடந்தது, குடல் கிழிந்ததா என்றும் கேளுங்கள். குடல் நீர் பட்ட இடத்தைக் கழுவிப் பயனில்லை, சுற்றி தாராளமாக வெட்டி எறிய வேண்டும். மான், மரை என்று சொல்லி வருவதை வாங்கவே வேண்டாம்: இரண்டும் பாதுகாக்கப்பட்டவை, ஒளித்து வரும் இறைச்சியைப் பரிசோதகர் எவரும் பார்த்திருக்கமாட்டார்.

வெட்டும்போது கையுறை போடுங்கள். புரூசெல்லா என்ற பக்டீரியா, இரத்தம் பட்ட சிறு கீறல் வழியாகவும் உள்ளே போகும். சிங்கில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் பக்கத்தில் இருக்கும் தேங்காய்ப்பூவிலும் தெறிக்கும். மஞ்சள் தண்ணீர் மணத்தைத்தான் குறைக்கும். பலகையையும் கத்தியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பின், 4 லீற்றர் தண்ணீரில் 15 மில்லி வாசனையில்லாத வீட்டு பிளீச் கலந்து துடைத்து, காற்றில் காய விடுங்கள்.

எனக்குப் பயம், கறியை விடக் குடிவகையோடு கொறிக்கும் 'பைட்ஸ்' தான். பெரிய துண்டைக் காரமாக வதக்கி டெவல் போடும்போது வெளியே கருகி, உள்ளே ரோஸ் நிறம் நிற்கும். எலும்பில் முட்டாமல் துண்டின் நடுவில் தேர்மோமீற்றரைக் குத்துங்கள். 71 வராவிட்டால் மூடி போட்டு இன்னும் வேக விடுங்கள். அடுப்புப் புகையில் வாட்டிய வத்தலும் தேனில் போட்ட இறைச்சியும் பழைய கெட்டித்தனம்தான், ஆனால் உப்பும் புகையும் தசைப்புழுவை நிச்சயமாகக் கொல்லும் என்று நம்ப முடியாது. வத்தலையும் நன்றாக அவித்தே தின்ன வேண்டும். பிரீசரையும் நம்பவேண்டாம்: பண்ணைப் பன்றிக்குச் சொல்லப்படும் கணக்கு, 15 சென்ரிமீற்றருக்குக் குறைந்த தடிப்புக்கு மறை 15 பாகையில் 20 நாள். காட்டு மிருகங்களில் குளிரைத் தாங்கும் புழு இனங்களும் உண்டு.

பிறகு இரவு முழுக்க அடுப்பில் விட்ட சட்டி. குளொஸ்ட்ரிடியம் என்ற பக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் பிழைத்து, 43 தொடக்கம் 47 பாகை வரை ஆறும்போது வேகமாகப் பெருகும். மறுநாள் குழம்பு சுண்டச் சுண்ட ருசி ஏறும், வாஸ்தவம். ஆனால் இரவே தாழ்ந்த தட்டங்களில் பரப்பி இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிஜ்ஜில் வைத்துவிட்டு, காலையில் கொதிக்க வைத்துச் சுண்டவிட்டாலும் அதே ருசிதான்.

2024இல் இலங்கைப் பண்ணைகளில் பரவிய ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் பன்றிகளுக்குத் தொற்றும், காட்டுப்பன்றிக் கழிவை வீட்டுப் பன்றிகளுக்குப் போட்டுவிடாதீர்கள்.

சாப்பிட்டு ஒன்றிரண்டு கிழமையில் காய்ச்சல், தசைநோ, கண்மடல் வீக்கம் வந்தால் தசைப்புழுவை நினையுங்கள். கொழும்பில் காய்ச்சல் என்றதும் டெங்கு டெஸ்ட்தான் முதலில் எடுப்பார்கள். காட்டுப்பன்றி தின்ற கதையை வைத்தியரிடம் நீங்களாகச் சொன்னால்தான் மற்றதைத் தேடுவார்.