தங்கச்சிமடத்தில் மூன்று இரவு, கோதண்டராமர் கோயில் பக்கம் பூநாரைகள்

ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தீர்த்தமாடி, தரிசனம் முடித்து, மத்தியானம் தனுஷ்கோடிக்கு ஒரு நடை போய்விட்டு ராத்திரி ரயிலைப் பிடித்துவிடுவார்கள். நாங்களும் இரண்டு தடவை அப்படித்தான் வந்துபோனோம். அப்போதெல்லாம் பூநாரை (ஃபிளமிங்கோ) என்று பார்த்தது தூரத்தில், கானலில் ஆடுகிற ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். இந்த முறை ஜனவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், ராமேஸ்வரம் தீவிலேயே இருக்கிற தங்கச்சிமடத்தில் கடலோரமாக ஒரு சின்ன வீட்டை எடுத்து மூன்று இரவு தங்கினோம்.

வீடு என்றால் இரண்டு அறை, ஒரு திண்ணை, சுற்றிலும் பனைமரம். குழாயில் வருவது உப்புத்தண்ணீர், குடிக்க கேன் வாங்கிக்கொள்ள வேண்டும். ராத்திரி முழுக்க பனையோலை சடசடவென்று அடிக்கும், முதல் நாள் தூக்கமே வரவில்லை, அப்புறம் பழகிவிட்டது. ஆனால் அந்தத் திண்ணைக்கு ஈடு எதுவும் இல்லை. விடியும்போதே தண்ணீர் வற்றின ஈர மணலில் உள்ளான்கள் கூட்டமாக ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருக்கும், வல்லத்தில் (நாட்டுப்படகில்) வலை உதறினால் ஆலாக்கள் மேலே வட்டமிடும், செம்பருந்து ஒன்று தாழப் பறந்து மீனைக் காலால் அள்ளிக்கொண்டு போகும். கோட்டானையும் (ஆந்தை இல்லை, அரிவாள் போல வளைந்த நீண்ட அலகுள்ள கரைப்பறவை) இங்கேதான் பார்த்தேன். அந்த அலகை முழுசாக மணலுக்குள் இறக்கி ஒரு நண்டை வெளியே இழுத்தது. டீ ஆறிப்போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் நாள் காலையில், தனுஷ்கோடிக்கு வண்டி விடத் தொடங்கின உடனே போய்விட்டோம். கோதண்டராமர் கோயில் பக்கம் இருக்கிற ஆழமில்லாத தண்ணீர்தான் பூநாரைகளுக்குப் பிடித்த இடம். ஒன்று சொல்ல வேண்டும், காலையில் கிழக்கே பார்த்து நின்றால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், பறவைகள் வெறும் நிழலாகத்தான் தெரியும். கொஞ்சம் தாண்டிப் போய் சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். நிறம் அப்போதுதான் தெரியும். சாம்பல் பூத்த மாதிரி நிற்கிறவை வேறு இனம் இல்லை, வளர்ந்துகொண்டிருக்கிற இளம் பறவைகள். பிறந்ததும் யாருக்கும் அந்த ரோஜா நிறம் கிடையாது, தின்கிற பாசியிலும் சின்ன இறால் வகைகளிலும் இருக்கிற நிறமிகள் உடம்பில் சேரச் சேரத்தான் வரும்.

அம்மாவிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "தலையைக் கவுத்துப் போட்டுக்கிட்டுல்லடா சாப்பிடுது" என்றார். அதேதான். அலகின் மேல்பாகம் கீழே வருகிற மாதிரி தலையைக் கவிழ்த்து, நாக்கைப் பம்பு மாதிரி அடித்து, சேற்றுத் தண்ணீரை அலகின் ஓரத்துச் சல்லடையில் வடிகட்டுகிறது. காலால் சேற்றை மிதித்துக் கலக்கிக்கொண்டே மெல்ல நகர்கிறது. பறவைப் பெயர் ஒன்றுகூடத் தெரியாத அம்மா இதைத் தானாகக் கண்டுபிடித்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஒன்பது மணி வாக்கில் ஒரு வேன் வந்து நின்றது. நாலைந்து பேர் இறங்கி, தண்ணீருக்குள்ளேயே நடந்து போய்க் கைதட்டினார்கள். சிறகை விரித்தால் உள்ளே சிவப்பும் கறுப்புமாகத் தெரியும், படத்துக்கு அதுதான் வேண்டும். பூநாரையால் நின்ற இடத்திலிருந்து அப்படியே எழும்ப முடியாது, தண்ணீர் மேல் பல அடி ஓடித்தான் எழும்ப வேண்டும். கூட்டம் மொத்தமும் ஓடி எழுந்து மறுகரைக்குப் போய்விட்டது. தீனி நேரத்தில் இப்படி விரட்டினால் அவை தின்றதையெல்லாம் பறந்தே தீர்த்துவிடும். எனக்குக் கோபம் வந்து போய்ச் சொன்னேன், ஒருவர் மட்டும் "தெரியாதுங்க" என்று கேமராவை இறக்கினார்.

2025 ஜூனில் தமிழக அரசு இந்த இடத்தைப் பூநாரை சரணாலயமாக அறிவித்தது, 500 ஹெக்டேருக்கும் மேலே. மனதார வரவேற்கிறேன். ஆனால் ரோட்டை ஒட்டியே தண்ணீர் இருக்கிற இடத்தில் பலகை வைத்தால் மட்டும் போதாது, சீசனில் காலை நேரத்திலாவது ஆள் நிற்க வேண்டும்.

போகிறவர்களுக்கு: டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள், குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள், முதல் காலையில் காற்றோ மழையோ கெடுத்துவிட்டால் இன்னொரு காலை கையில் இருக்கும். வண்டியை விட்டு இறங்காமலேயே பாருங்கள், வண்டிக்கு அவை அவ்வளவாக மிரளுவதில்லை, ஆள் நடந்தால்தான் நகர்ந்துவிடுகின்றன.

கிளம்புகிற அன்றைக்கு அம்மா எனக்கு முன்னால் எழுந்து, பைனாகுலரோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.