குளக்கட்டில் இருந்து மலைக்கு

மார்ச் 9, 2025, ஞாயிறு

வன்னியில் பிறந்தவன் ஏறிப் பழக மலைக்கு எங்கே போவது? இரணைமடுக் குளக்கட்டுதான். பூசை முடிந்த கையோடு ஏழு பேரும் கட்டின் சரிவில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பத்தாவது தரத்தோடு மூச்சு வாங்கிக் குந்திவிட்டோம். மாடு சாய்த்துக்கொண்டு போன ஐயா ஒருவர் நின்று பார்த்து, "என்னத்தைத் துலைச்சனியள் தம்பியவை?" என்று கேட்டார். சிவனொளிபாத மலைக்கு ஆயத்தம் என்றால் நம்பவா போகிறார்.

இன்று தவக்காலத்து முதல் ஞாயிறு, இயேசுவைப் பிசாசு சோதிக்கிற வாசகம். வீட்டுக்கு வந்ததும் அம்மம்மா பிடித்துக்கொண்டா: "கேட்டனிதானே, பிசாசும் உயரத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போனது."

மார்ச் 11, செவ்வாய்

வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையை விட்டுவிட்டுப் போகிறேன் என்பதுதான் அம்மம்மாவின் கோபம். "மடு இருக்க உனக்கு மலை எதுக்கு?" ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்கும் நடப்பேன் என்றேன், எடுபடவில்லை.

நடையைப் பற்றி அவவோடு கதைத்து வெல்ல ஏலாது. 2008 கடைசியில், போருக்குள், வட்டக்கச்சியில் வெளிக்கிட்டு, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நடந்து, மாத்தளனில் தண்ணீருக்குள் இறங்கிக் கரையேறினவ. எனக்கு அப்போது பத்து வயது, பாதித் தூரம் அம்மப்பாவின் சைக்கிள் பாரில் இருந்தே வந்தேன். "நாங்கள் விரும்பி நடக்கேல்லை. நீ காசு குடுத்து நடக்கப் போறாய்," என்றா. நான் சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14, வெள்ளி இரவு, நல்லதண்ணி

விடியப்புறம் கிளிநொச்சியில் வெளிக்கிட்ட வான். கண்டி தாண்டிய பிறகு வளைவுக்கு வளைவு யாராவது ஒருவர் சத்தி. நேற்றுப் போயா, முழுநிலா நாள் என்பதால் சனம் இன்னும் குறையவில்லை. மலை 2243 மீட்டர், படிகள் ஐயாயிரத்துக்கு மேல். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்த கடைக்கார அக்கா எங்கள் புதுச் சப்பாத்துகளைப் பார்த்துச் சிரித்தா: "ஏறும்போது ஒன்னும் தெரியாது தம்பி. எறங்கும்போதுதான் தெரியும்."

பத்து மணிக்கு ஏறப் போகிறோம். வெள்ளிக்கிழமை, துக்க தேவ இரகசியங்கள். படிக்கு ஒரு மணி என்று செபமாலை சொல்லிக்கொண்டு போவதாகத் திட்டம்.

மார்ச் 15, சனி, வானுக்குள்

இரண்டாவது தேவ இரகசியத்தோடு செபமாலை நின்றுவிட்டது. முதலில் "அருள் நிறைந்த" என்பதோடு நின்றோம், அப்புறம் "மரியே" மட்டும், அதற்கும் மேலே வெறும் மூச்சு. வெறுங்காலோடு ஏறிய சிங்களக் கிழவிகள் எங்களைத் தாண்டிப் போனார்கள், இறங்கி வந்தவர்கள் "கருணாவாய்" என்று வாழ்த்திக்கொண்டு போனார்கள், தோளில் நித்திரையான பிள்ளையோடு ஒரு தகப்பன் எங்களுக்கு முன்னால் ஒரே சீராக ஏறிக்கொண்டே இருந்தார், அவரின் குதிக்காலைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் கடைசிச் செங்குத்தை முடித்தேன்.

நாலு மணிக்கு உச்சி. குளிர் என்றால் வன்னியில் மார்கழி விடியல்தான் எனக்குத் தெரிந்த குளிர், இது வேறு. சுவரோடு சாய்ந்தவன் நித்திரையாகிவிட்டேன்! பக்கத்தில் இருந்த ஒரு அம்மா தோளில் தட்டி எழுப்பியிராவிட்டால் சூரியனைத் தவறவிட்டிருப்பேன். சூரியனைவிட மறுபக்கம்தான் அழகு: முகில்மேல் மலையின் நிழல், அடிமட்டம் வைத்துக் கீறிய முக்கோணம் மாதிரி. இங்கேயே இருந்துவிடலாம் போல இருந்தது.

இறக்கத்தில் எங்களில் ஒருவனுக்கு முழங்கால் பிசகிவிட்டது. ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து, கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில் இறங்கினான். அவனுடைய பையையும் நான்தான் சுமந்தேன், ஆனால் நல்ல மனத்தோடு இல்லை. வான்காரர் காத்திருப்புக் காசு கேட்பாரே என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. "நீங்கள் போங்கோ, நான் வாறன்" என்று அவன் மூன்று தரம் சொன்னான். மூன்றாவது தரம், போய்விடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். போகவில்லை. அதற்குக் காரணம் அன்பு என்று எழுதினால் பொய்.

மார்ச் 16, ஞாயிறு

தவக்காலத்து இரண்டாம் ஞாயிறு என்றால் இயேசு மலைமேல் உருமாறிய வாசகம் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. இந்த வருடம் லூக்கா. பேதுருவும் கூட இருந்தவர்களும் தூக்கக் கலக்கத்தில் இருந்தார்கள் என்று வாசித்தபோது சிரிப்பை அடக்கமுடியாமல் குனிந்துகொண்டேன். பிறகு மூன்று கூடாரம் அடிப்போம் என்கிறார் பேதுரு. வாசகம் மலையிலேயே முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அடுத்த வசனத்தைப் பார்த்தால், மறுநாள் கீழே இறங்க, வலிப்பு வருகிற ஒரே மகனோடு ஒரு தகப்பன் நிற்கிறார். பையையும் வான்காசையும் நினைத்துக்கொண்டு பைபிளை மூடினேன்.

பின்னேரம் அம்மம்மா நல்லெண்ணெய் சூடாக்கிக்கொண்டு வந்தா. என் காலை மடியில் தூக்கி வைத்து, "பேதுரு கூடாரத்தில இருந்து பாக்கேல்லைப் போல. அதுதான் அப்பிடிக் கேட்டவர்," என்றா.

எனக்கு மெனிக் பாம் அகதி முகாம் நினைவுக்கு வந்தது. மழை பெய்தால் தரப்பாளுக்குக் கீழால் தண்ணீர் வரும், இரவிரவாக எங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருப்பா.

"நோகுதோ?" என்று கெண்டைக்காலை அமத்தினா.

நொந்தது.