எலிமென்ட்டின் அளவை எலிமென்ட்டிடமே கேளுங்கள்

வெப் அப்ளிகேஷனில் சார்ட், மேப், பெரிய டேபிள் என்று ஏதாவது வைத்து வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: இந்த டிவ்வின் அகலம் மாறிவிட்டது என்று ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு எப்படித் தெரிவது? பலரும் முதலில் கை வைப்பது விண்டோவின் ரீசைஸ் ஈவென்ட்டில்தான். அது விண்டோவின் அளவு மாறினால் மட்டும்தான் வரும். பயனர் சைட்பாரை மடக்குகிறார், பக்கத்தில் இருக்கும் சார்ட்டுக்கு 200 பிக்சல் கூடுதலாகக் கிடைக்கிறது, ஆனால் விண்டோ இருந்தபடியே இருக்கிறது, ஈவென்ட்டும் வருவதில்லை. அக்கார்டியன் விரிந்தாலும், படம் தாமதமாக இறங்கினாலும், டெக்ஸ்ட்ஏரியாவின் மூலையைப் பிடித்து யாராவது இழுத்தாலும் இதே கதைதான்.

தமிழில் பக்கம் செய்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெப் ஃபான்ட் இறங்கி முடிக்கும்வரை சிஸ்டத்தில் இருக்கிற ஏதோ ஒரு தமிழ் ஃபான்ட்டில் எழுத்து தெரியும். அப்புறம் நோட்டோ சான்ஸ் தமிழோ வேறொன்றோ வந்து சேர்ந்ததும் எழுத்தின் அகலம் மாறி, ஒரு வரியில் நின்ற தலைப்பு இரண்டு வரியாகி, மேலே ஒட்டி நிற்கும் ஹெட்டரின் உயரம் கூடி, அந்த உயரத்தை நம்பி நாம் போட்டு வைத்த கணக்கெல்லாம் தப்பாகிவிடும். நம் சொற்கள் நீளமானவை, இது அடிக்கடி நடக்கும். பக்கம் லோடானதும் ஒரே ஒரு முறை அளந்து வைத்துக்கொள்வது தமிழ்ப் பக்கத்துக்குச் சரிப்பட்டு வராது என்பது என் உறுதியான கருத்து.

முன்பெல்லாம் இதற்கு என்னென்னவோ தந்திரம் செய்தார்கள். சிலர் டைமர் வைத்துத் திரும்பத் திரும்ப ஆஃப்செட்விட்த்தை (எலிமென்ட்டின் அகலத்தை) படித்தார்கள், பக்கத்தில் ஏதாவது மாறியிருக்கும் நேரத்தில் அப்படிப் படித்தால் பிரவுசர் அந்த இடத்திலேயே லேஅவுட்டை, அதாவது எது எங்கே எவ்வளவு பெரிதாக வரும் என்ற கணக்கை, போட்டு முடித்துத்தான் பதில் சொல்லும், அதனால் பக்கம் தடுமாறும். சிலர் கண்ணுக்குத் தெரியாத ஐஃப்ரேமை எலிமென்ட்டுக்குள் விரித்துப்போட்டு அதற்குள் இருக்கும் விண்டோவின் ரீசைஸ் ஈவென்ட்டைக் கேட்டார்கள். ஸ்க்ரோல் ஆகும் மறைவான டிவ்களை வைத்து, அளவு மாறும்போது ஸ்க்ரோல் நகர்வதைப் பிடித்தவர்களும் உண்டு. புத்திசாலித்தனமான வேலைதான். ஆனால் ஒவ்வொரு எலிமென்ட்டுக்குள்ளும் சம்பந்தமில்லாத டாம் முடிச்சுகளை (டாம் என்பது பக்கத்தின் எலிமென்ட்களைப் பிரவுசர் வைத்திருக்கும் மரம்) சொருக வேண்டியிருந்தது.

இப்போது இதற்கென்றே பிரவுசரிலேயே ரீசைஸ்அப்சர்வர் என்ற வசதி இருக்கிறது. குரோமில் 2018இல் வந்தது (பதிப்பு 64), ஃபயர்ஃபாக்ஸ் 69இல் 2019, சஃபாரி 13.1இல் 2020. ஆக, பாலிஃபில் (பழைய பிரவுசரில் இல்லாத வசதியை ஈடுகட்டும் கூடுதல் ஜாவாஸ்கிரிப்ட்) பற்றி இனிக் கவலையே வேண்டாம். அப்சர்வர் ஒன்றை உருவாக்கி, கால்பேக் (அளவு மாறும்போது பிரவுசர் கூப்பிட வேண்டிய ஃபங்ஷன்) கொடுத்து, எந்த எலிமென்ட்டைப் பார்க்க வேண்டும் என்று காட்டினால் போதும். காட்டியதுமே, எலிமென்ட்டின் அளவு பூஜ்யமாக இல்லாவிட்டால், ஒரு முறை கால்பேக் வந்துவிடும், முதல் முறை வரைவதற்கென்று தனியாக நிரல் எழுத வேண்டாம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அது கூப்பிடும் நேரம். ஒவ்வொரு ஃப்ரேமிலும் பிரவுசர் ஸ்டைலைக் கணக்கிட்டு, லேஅவுட் போட்டு, அப்புறம்தான் பெயிண்ட் செய்யும். கால்பேக் வருவது லேஅவுட் முடிந்து பெயிண்ட் தொடங்குவதற்கு முன்னால். அதாவது பயனர் கண்ணில் எதுவும் படுவதற்கு முன்பே புது அளவு நம் கையில் இருக்கும், அங்கேயே சார்ட்டை மறுபடி வரைந்துவிட்டால் பழைய அளவில் இருக்கும் படம் ஒரு கணம்கூடத் தெரியாது.

சரி, கால்பேக்குக்குள் நாமே ஏதாவது ஒன்றின் அளவை மாற்றினால்? அது இன்னொரு மாற்றத்தைக் கிளப்பும், அது இன்னொன்றை, இப்படியே போனால் பெயிண்ட்டுக்கே போக முடியாது. இதற்காக ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அதே ஃப்ரேமில் அடுத்த சுற்றுக்குப் போகும்போது, முந்தின சுற்றில் செய்தி கிடைத்த எலிமென்ட்களில் மேலே இருந்ததைவிட டாம் மரத்தில் இன்னும் ஆழத்தில் இருப்பவற்றுக்கு மட்டும்தான் செய்தி போகும். சுற்றுக்குச் சுற்று கீழே இறங்கியே ஆக வேண்டும், எங்காவது ஓரிடத்தில் முடிந்தே தீரும். மிச்சம் இருப்பவை அடுத்த ஃப்ரேமுக்குத் தள்ளப்படும். அப்படித் தள்ளும்போதுதான் கன்சோலில் ‘ரீசைஸ்அப்சர்வர் லூப் கம்ப்ளீட்டட் வித் அன்டெலிவர்ட் நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று வருகிறது. இது விண்டோவுக்கு வரும் எரர் ஈவென்ட், கால்பேக்கைச் சுற்றி ட்ரை கேட்ச் போட்டுப் பிடிக்க முடியாது.

இந்த எரரைத் தேடினால் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, கண்டுகொள்ளாதீர்கள், எரர் லாக்கில் வடிகட்டிவிடுங்கள். இரண்டு, கால்பேக்குக்குள் இருப்பதை ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேமுக்குள் (வேலையை அடுத்த ஃப்ரேமுக்குத் தள்ளும் ஃபங்ஷன்) போட்டுவிடுங்கள். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று ஒரு கான்வாஸை, அதாவது ஜாவாஸ்கிரிப்ட் படம் வரையும் எலிமென்ட்டை, வைத்துச் சொல்கிறேன்.

ஒரு டிவ், உயரம் ஆட்டோ, அதாவது உள்ளே இருப்பதைப் பொறுத்தது. அதற்குள் ஒரு கான்வாஸ். டிவ்வைக் கவனித்து, அதன் உயரம் எவ்வளவோ அதையே கான்வாஸுக்கும் கொடுக்கிறோம். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் கான்வாஸ் இயல்பாகவே இன்லைன் எலிமென்ட், எழுத்துகள் உட்காரும் கோட்டில்தான் அதுவும் உட்காரும், எழுத்தின் வால் இறங்குவதற்காக அந்தக் கோட்டுக்குக் கீழே நாலைந்து பிக்சல் காலியாக நிற்கும். அந்த நாலைந்து பிக்சலும் டிவ்வின் உயரத்தில் சேரும். கான்வாஸ் 300 என்றால் டிவ் 304. கால்பேக் வருகிறது, கான்வாஸை 304 ஆக்குகிறோம், டிவ் 308 ஆகிறது. நொடிக்கு 60 ஃப்ரேம் என்று வைத்தால் நொடிக்கு 240 பிக்சல் வீதம் சார்ட் கீழே இறங்கிக்கொண்டே போகும், பக்கத்தின் ஸ்க்ரோல்பார் சுருங்கிக்கொண்டே வரும். இந்த நேரத்தில் கன்சோலில் வரும் அந்த எரர் சொல்வது முழுக்க உண்மை: எதைப் பார்க்கிறாயோ அதையே மாற்றிக்கொண்டிருக்கிறாய். இப்போது ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேமுக்குள் போட்டால் என்ன ஆகும்? ஃப்ரேமுக்கு ஒரே ஒரு மாற்றம்தான் நடக்கும், எரர் மறைந்துவிடும், சார்ட் மட்டும் முன்பு போலவே வளர்ந்துகொண்டே இருக்கும். அதோடு, வளராத சாதாரண சார்ட்டில்கூட இப்படிச் செய்தால் வரைவது ஒரு ஃப்ரேம் தள்ளிப்போகிறது, சைட்பார் மடங்கும்போது பழைய படம் இழுபட்டு அப்புறம் சரியாவது கண்ணுக்குத் தெரியும்.

தீர்வு சிஎஸ்எஸ்ஸில் இருக்கிறது. உள்ளே என்ன இருந்தாலும் அளவு மாறாத ஒரு வெளி டிவ் வேண்டும். அதற்கு ஒரு உயரத்தையோ ஆஸ்பெக்ட் ரேஷியோவையோ நிச்சயமாகக் கொடுங்கள், பொசிஷன் ரிலேட்டிவ் கொடுங்கள், கான்வாஸை டிஸ்ப்ளே பிளாக் ஆக்கி அதற்குள் அப்சொல்யூட்டாக வையுங்கள். வெளி டிவ்வை மட்டும் கவனியுங்கள், உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுங்கள். எரர் அதுவாகவே நின்றுவிடும்.

இதன் உறவுக்காரச் சிக்கல் ஒன்று ஃப்ளெக்ஸில் (எலிமென்ட்களை வரிசையாக அடுக்கும் சிஎஸ்எஸ் முறை) உண்டு: விண்டோவைப் பெரிதாக்கினால் சார்ட் பெரிதாகும், சிறிதாக்கினால் சுருங்காது. அப்சர்வர் வேலை செய்யவில்லை என்று நினைப்பார்கள். ஃப்ளெக்ஸ் ஐட்டத்தின் மின்விட்த் (குறைந்தபட்ச அகலம்) இயல்பாக ஆட்டோ, உள்ளே பிக்சல் கணக்கில் அகலம் கொடுத்த கான்வாஸ் இருந்தால் அதைவிடச் சிறிதாக அது சம்மதிக்காது, அளவு மாறாதபோது கால்பேக் எப்படி வரும்? மின்விட்த் பூஜ்யம் என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

வேறு சில இடங்களிலும் கால்பேக் வராது. டிரான்ஸ்ஃபார்ம் ஸ்கேலால் (வரைந்ததை அப்படியே பெரிதாக்கிக் காட்டும் சிஎஸ்எஸ்) பெரிதானால் வராது, ஏனென்றால் லேஅவுட் மாறவே இல்லை. ஸ்பான் போன்ற இன்லைன் எலிமென்ட்டைக் கவனித்தால் அதன் அளவு எப்போதும் பூஜ்யம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். பேடிங் மட்டும் மாறி உள்ளளவு அப்படியே இருந்தாலும் வராது, அது வேண்டுமென்றால் பார்டர்பாக்ஸை (பேடிங்கும் பார்டரும் சேர்ந்த அளவு) கவனிக்கச் சொல்ல வேண்டும். டிஸ்ப்ளே நன் கொடுத்து எலிமென்ட்டை மறைத்தால் பூஜ்யம் என்று செய்தி வரும், மறுபடி காட்டும்போது உண்மையான அளவோடு வரும். மறைந்திருக்கும் டேபுக்குள் லீஃப்லெட் என்ற லைப்ரரியின் மேப் வைத்து, டேபைத் திறந்ததும் பாதி சாம்பல் நிறமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டாவது செய்தியில் லீஃப்லெட்டை மறுபடி அளக்கச் சொல்லும் இன்வாலிடேட்சைஸைக் கூப்பிட்டால் மேப் சரியாகிவிடும், எத்தனை மில்லிசெகண்ட் காத்திருப்பது என்று டைம்அவுட்டில் ஊகிக்க வேண்டியதில்லை.

கோடுகள் துல்லியமாக விழ வேண்டிய கான்வாஸ் என்றால், அளவைத் திரையின் நிஜ பிக்சல்களில் அப்சர்வர் தரும் டிவைஸ்பிக்சல்கன்டென்ட்பாக்ஸைப் பாருங்கள். திரை 125 சதவீதம் ஸ்கேலில் இருக்கும் லேப்டாப்பில் அகலத்தை 1.25ஆல் பெருக்கினால் பின்னம் வரும், பிரவுசர் அதை எந்தப் பக்கம் முழுமையாக்கியது என்று நமக்குத் தெரியாது, மெல்லிய கோடுகள் மங்கும். இது நேரடியாக முழு எண்ணைத் தருகிறது. எல்லா பிரவுசரிலும் இருக்கும் என்று நம்பாமல், இருக்கிறதா என்று நிரலில் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, அகலத்தைப் பொறுத்து ஸ்டைல் மட்டும் மாற வேண்டும் என்றால் அப்சர்வரே வேண்டாம். தான் இருக்கும் பெட்டியின் அளவைப் பார்த்து ஸ்டைலை மாற்றும் சிஎஸ்எஸ் வசதியான கன்டெய்னர் குவெரி 2022இல் குரோம் 105க்கும் சஃபாரி 16க்கும் வந்துவிட்டது, 2023இல் ஃபயர்ஃபாக்ஸ் 110க்கும். கார்டு குறுகினால் படம் மேலே போக வேண்டும் என்பதெல்லாம் சிஎஸ்எஸ்ஸின் வேலை. கான்வாஸ், மேப், வரிசை உயரத்தை அளந்து வைத்துக்கொள்ளும் விர்ச்சுவல் லிஸ்ட் (திரையில் தெரியும் வரிகளை மட்டும் வரையும் நீண்ட பட்டியல்) போல ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு எண்ணே தேவைப்படும் இடங்களுக்கு மட்டும் அப்சர்வரை வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைக்கும்போதும் லிஸ்ட்டின் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக அல்லாமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அப்சர்வராக வைத்து, காம்பொனென்ட் போகும்போது அதன் எலிமென்ட்டை அன்அப்சர்வ் செய்து, கவனிப்பதை நிறுத்திவிடுங்கள்.