சூலம் எழும்பிட்டுதோ

பெப்ரவரி 18, 2024, ஞாயிறு

கராஜில் 3 டிகிரி. நேற்றும் 3. தொட்டிக்குள் வளர்க்கிற என் பொன்சாய் மரங்களில், சூலம் என்கிற ட்ரைடன்ட் மேப்பிள் அசையவில்லை, எல்ம் அசையவில்லை. தமராக் பின்வளவில் தொட்டியோடு மண்ணுக்குள் கிடக்கிறது. வடக்கே சதுப்பில் பிறந்து மைனஸ் முப்பதையும் பார்த்த மரம். அதற்காக நான் நித்திரை முழிப்பதில்லை.

இந்த முறை ஸ்னோ தள்ளுகிற சவளைக் கையில் எடுத்தது மூன்றே தரம். ஸ்காபரோ முழுக்க ஆட்களுக்குச் சந்தோசம். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, மரம் நேரத்துக்கு முதலே துளிர்த்துவிடும்.

பெப்ரவரி 21, புதன்

நானும் என் மனிசனும் பிரிகிற விசயமாக லோயரோடு ஒன்றரை மணித்தியாலம் கதை. ஃபோனை வைத்துவிட்டுக் கராஜுக்குப் போய், தண்ணீர் தேவையா என்று தொட்டி மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். தேவையில்லை. ஊற்றினேன்.

பெப்ரவரி 25, ஞாயிறு

வீட்டு ஏஜென்ட் வந்து போனார். கராஜுக்குள் இரண்டு கார் நிற்கும் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியவேண்டுமாம். "இந்தச் செத்த செடியள எங்கயாவது மாத்தி வையுங்கோ அக்கா." செத்த செடி! பன்னிரண்டு வருசமாக ஒவ்வொரு குளிருக்கும் இதைக் கேட்கிறேன். இலை இல்லாவிட்டால் ஆட்களுக்கு மரம் செத்துப்போய்விடும். இலை விழுந்த பிறகுதான் மரம் என்னவென்றே தெரியவரும். கொப்பு எங்கே பிரிகிறது, எங்கே நான் பிழையாக வெட்டினேன், எந்தக் காயம் மூடுகிறது, எல்லாம். 2016-ல் சூலத்தின் தலையைத் தறித்த இடத்தில் அப்போது ஒரு ட்டூனி, இரண்டு டொலர்க் காசை வைத்தால் சரியாக மூடும். இப்போது சுற்றிவரப் பட்டை உருண்டு வந்து நடுவில் மிளகளவு ஓட்டைதான் மிச்சம்.

எங்கே மாற்றுவது? வீட்டுக்குள் 21 டிகிரி, ஒரு கிழமையில் துளிர்த்துவிடும். வெளியே வைத்தால் கொப்பு தாங்கும், வேர் தாங்காது. நிலத்துக்குள் இருக்கிற வேருக்குப் பூமி முழுக்கப் போர்வை. தொட்டிக்குள் இருக்கிறதுக்கு இரண்டு அங்குல மண். அதிலும் ட்ரைடன்ட் மேப்பிளின் வேர் சதைப்பற்றானது, தண்ணீர் நிறைந்தது. இறுக உறைந்தால் வெடித்து, இளகும்போது கூழாகிவிடும்.

பழைய போர்வையால் மூடிக் கராஜ் மூலையில் சைக்கிள்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வெளிச்சம் வேண்டாம். இலை இல்லாத மரத்துக்கு இருட்டு ஒரு குறையில்லை.

மார்ச் 3, ஞாயிறு

கராஜில் 9. பகல் முழுக்கக் கதவைப் பூட்டி வைத்து, ராத்திரி அரைவாசி திறந்து குளிரை உள்ளே விடுகிறேன். பக்கத்து வீட்டு மனிசன் நின்று பார்க்கிறார். கையைக் காட்டினேன்.

மார்ச் 5, செவ்வாய்

மொட்டு நுனி சிவக்கிறது. இப்ப வேண்டாம். இப்ப வேண்டாமடி.

மார்ச் 7, வியாழன்

ராத்திரி இரண்டு மணிக்கு, சூலத்தின் அடிப்பலகையில் எழுதியிருக்கிற 34½ எதன் அளவு என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன். டெக் படியா? கேற்றா? முப்பத்தைந்தும் இல்லை, முப்பத்துநாலும் இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினோம். அம்மா ஃபோனில்:

"சாப்பிட்டியோ?"

"ஓம்."

"என்ன?"

"பாண்."

"பாண் ஒரு சாப்பாடோ பிள்ளை. சூலம் என்ன செய்யுது?"

ட்ரைடன்ட் என்றால் சூலம்தானே, இலையும் மூன்று முனை. பேர் வைத்தது அம்மாதான். முதலில் கண்டபோது "உந்தக் குட்டிச் சட்டிக்குள்ள மரத்தை வளர்க்கிறது பாவமடி" என்று முகத்தைத் திருப்பினவ. இரண்டாம் வருசம் ஒக்டோபரில் அது சிவத்து நின்றதைப் பார்த்துவிட்டுத் திருநீறு பூசிவிட்டுப் போனா.

மார்ச் 12, செவ்வாய்

சாமான் பட்டியல் வந்தது. நாலு பக்கம். சோபா, டிவி, என் தையல் மெசின், அவருடைய துளைபோடுகிற மெசின், எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு தொகை. மூன்றாம் பக்கத்தில் "புல்வெட்டி, தண்ணிக் குழாய், தொட்டிச் செடிகள்: 200 டொலர்." புல்வெட்டியே 180 இருக்கும். அப்படியென்றால் சூலம், எல்ம், தமராக், அவற்றின் மூன்று தொட்டி, எல்லாம் சேர்த்து 20.

கையெழுத்து வைத்தேன். விலை கூடப் போட்டிருந்தால் பாதி கேட்டிருப்பார். இப்படி நினைத்துச் சிரித்துவிட்டுப் பிறகு கன நேரம் சிரிக்கவில்லை.

மார்ச் 16, சனி

வீடு பார்க்க ஏழு குடும்பம். அதில் ஒரு பிள்ளை போர்வையை இழுத்துப் பார்த்திருக்கிறது. சூலத்தில் வலப்பக்க இரண்டாம் கொப்பின் நுனி முறிந்து தொங்குகிறது. மூன்று வருச வேலை. கம்பி கட்டாமல் வளரவிட்டு வெட்டி, வளரவிட்டு வெட்டித் திருப்பியெடுத்த கொப்பு. ஹொங்கொங்கின் வூ யீ-சுன் 1984-ல் மொன்றியல் தாவரவியல் பூங்காவுக்குக் கொடுத்த பென்ஜிங் மரங்களை, சீனத்துப் பொன்சாய்களை, பார்த்த நாளில் பிடித்த பைத்தியம் இது. கம்பியில்லை, கத்தரிக்கோல் மட்டும். ஒவ்வொரு வெட்டிலும் கொப்பு ஒரு திசை மாறும். அன்றைக்கு அவர் அந்தக் கட்டிடத்துக்குள் ஒரு மணித்தியாலம் பொறுமையாக நின்றார் என்பதையும் சொல்லத்தான் வேணும்.

முறிந்த இடத்தைச் சீராக வெட்டிப் பசை பூசினேன்.

மார்ச் 18, திங்கள்

விற்றாச்சு. ஏப்ரல் 30 திறப்புக் கொடுக்கவேணும்.

மார்ச் 22, வெள்ளி

ஸ்னோ. இப்ப வருகுது! மொட்டு பருத்த பிறகு திரும்ப நித்திரையாக்க ஏலாது. மொட்டு அசைந்தால் மரத்தின் குளிர் தாங்கும் சக்தி ஒவ்வொரு நாளும் குறையும். இனிப் பகலில் வெளியே, ராத்திரி உள்ளே. தொட்டி ஈரத்தோடு பதினாறு இறாத்தல். மகள் "காவடி ஆட்டம்" என்கிறாள். பார்த்துச் சிரிக்கிறாளே தவிர ஒரு தொட்டி தூக்கமாட்டாள்.

எல்மில் இடக் கொப்பை நகத்தால் சுரண்டினேன். பச்சை இல்லை, மண்ணிறம். கீழே இறங்கி இறங்கிச் சுரண்டினேன், அடிமரத்துக்கு ஒரு விரற்கடை முதல்தான் பச்சை வந்தது. கராஜ் எலியா, நானா தெரியவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

ஒரே யோசனை, எழுதினாலாவது அடங்குமா பார்ப்போம்.

சூலத்துக்குத் தொட்டி மண் மாற்ற வேண்டிய வருசம் இது. ஊற்றிய தண்ணீர் மேலே குளம் கட்டி நிற்கிறது. உள்ளே முழுக்க வேர். மாற்றுவதற்கு நேரம் மொட்டு பருத்து இலை விரியாத அந்தப் பத்து நாள்தான். அது இப்ப. வேர் வெட்டிய மரம் உறையக்கூடாது, ஆடக்கூடாது, காற்றில் நிற்கக்கூடாது. ஐந்து கிழமையில் அதை லொறியில் ஏற்றி ஒன்பதாம் மாடிப் பல்கனியில் கொண்டுபோய் வைக்கப்போகிறேன்.

மாற்றாமல் விட்டால்? அடுத்த வசந்தத்துக்கு எனக்குக் கராஜ் இல்லை. மேசை இல்லை. மண் கொட்ட ஒரு சாண் நிலம் இல்லை. குளியலறைத் தொட்டிக்குள் வைத்தா வேர் வெட்டுகிறது?

அது மட்டுமில்லை. பலகை.

மார்ச் 26, செவ்வாய்

அகடாமா ஒரு மூட்டை வாங்கினேன். சுட்ட களிமண் உருண்டை மாதிரி இருக்கும் ஜப்பான் மண், விலையைக் கேட்டால் அரிசி விலை மலிவு என்று தோன்றும். பியூமிஸும் எரிமலைக் கல்லும் போன முறை மிச்சம் இருக்கிறது. மாவரிதட்டால் அரித்து வைத்தேன். (பழைய மாவரிதட்டு. அம்மா வாசித்தால்.)

மார்ச் 29, பெரிய வெள்ளி

லீவு, வெயில், எல்லாம் தோது. அம்மா "வெள்ளிக்கிழமை வேரில கை வைக்காதை" என்றா. நாளைக்கு.

மார்ச் 30, சனி

எட்டரைக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடிந்தது. முதுகு நிமிரவில்லை, ஆனால் எழுதவேணும்.

அடியில் கட்டியிருந்த கம்பியை வெட்டி, ஓரத்தைச் சுற்றி அறுத்து, அடிமரத்தைப் பிடித்து ஆட்டித் தூக்கினேன். புட்டு குழலைவிட்டு வருகிற மாதிரித் தொட்டி வடிவத்திலேயே வந்தது. ஓரம் முழுக்க வெள்ளை வேர் சுற்றிச் சுற்றிப் பாய் பின்னியிருந்தது. சாப்பாட்டுக் கடைக் குச்சியால் நடுவிலிருந்து வெளியே சீவினேன், மகளுக்குத் தலை சிக்கெடுத்த மாதிரி. கீழ்நோக்கிப் போனதெல்லாம் வெட்டு. பக்கவாட்டில் போனதில் மூன்றில் ஒன்று வெட்டு. தடித்தவற்றைக் கட்டைகுட்டையாக, அப்போதுதான் பிரியும்.

பிறகு பலகை.

2018-ல் நிலத்திலிருந்து இதைத் தோண்டியபோது ஒரு பக்கம்தான் வேர் இருந்தது. ஜப்பானில் எபிஹாரா என்கிற மேப்பிள்காரர் கையாண்ட முறைப்படி, அடியைத் தட்டையாக அறுத்து, கீழிருந்து பலகையோடு ஸ்க்ரூ பூட்டி, வேர்களை விசிறி மாதிரிப் பரப்பி இரண்டு பக்கமும் ஆணி அடித்து நிறுத்தினேன். பலகை எங்கள் டெக் கட்டி மிஞ்சின சீடர். அறுத்துத் தந்தது அவர். ஆறு அங்குலத்துக்கு ஆறு. அடிப்பக்கத்தில் தச்சன் பென்சிலால் அவருடைய கையெழுத்தில் 34½ என்று எழுதியிருக்கும். டெக் கட்டிய நாளில் எதற்கோ எடுத்த அளவு. 2020-ல் மண் மாற்றும்போது பார்த்தேன், 2022-லும் பார்த்தேன்.

இந்த முறை பலகையைக் கழற்றுவது என்று இருந்தேன். வேர் பரவி ஒன்றோடொன்று ஒட்டி, அடிமரம் தரையில் ஊற்றி வைத்த மெழுகு மாதிரி விரிந்துவிட்டது. இனி அதற்குப் பலகை தேவையில்லை. ஆணிகளைக் குறட்டால் பிடுங்கினேன், பதினொன்று வந்தது, மூன்றை மரமே விழுங்கிவிட்டது. புரட்டினேன். வேர் விளிம்பைத் தாண்டி அடிக்கும் போயிருக்கிறது. ஒதுக்கிப் பார்த்தால் 3 இல்லை. 4½ மட்டும்.

ஸ்க்ரூட்ரைவரை வைத்து அழுத்தினேன். கறள். ஸ்க்ரூவின் தலை மழுங்கிச் சுற்றியது. பலகையை அலவாங்கால் பிளக்கலாம். எல்லாம் மேசையில் இருந்தது. வேர் காய்ந்துகொண்டிருந்தது, அதுதான் காரணம், வேர் காய விடக்கூடாது. பலகையோடேயே திரும்ப வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டி, குச்சியால் மண்ணைக் குத்தி இறக்கி, அடித்துளையால் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஊற்றினேன்.

ஏப்ரல் 3, புதன்

மழை. ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 8, திங்கள்

கிரகணம். மகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வானம் முழுக்க முகில், சூரியனைக் கண்ணால் காணவில்லை. மூன்றே காலுக்குக் கிட்ட யாரோ சுவிட்சைத் திருகிற மாதிரி இருண்டது, தெரு விளக்கு பத்தியது, பறவைகள் அடங்கின. சூலத்தை வெளியே வைத்திருந்தேன். அம்மாவின் சொல்லுக்காக ஒரு தர்ப்பையாவது வைத்திருக்கலாம். தர்ப்பைக்கு எங்கே போவது, அறுகம்புல் மாதிரி ஒன்றைப் பிடுங்கித் தொட்டியில் போட்டேன்.

ஒன்பது நாளாக மொட்டு அதே அளவு.

ஏப்ரல் 11, வியாழன்

அவரிடமிருந்து மெசேஜ். "சூலம் எழும்பிட்டுதோ?"

ஒவ்வொரு ஏப்ரலும் வேலையிலிருந்து இதைத்தான் அனுப்புவார். என்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை, மகளைக் கேட்கவில்லை. பதில் போடவில்லை. எல்மைப் பற்றிக் கேட்டிருந்தால் போட்டிருப்பேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

அதே அளவு. சுரண்டிப் பார்க்கத் துணிவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

புதுவருசம். தம்பி வீட்டில் மதியச் சாப்பாடு. மார்க்கமில் அவனுக்குச் சூடில்லாத கராஜ். "நவம்பருக்குக் கொண்டு வா அக்கா" என்றான், நான் கேட்க முதலே. மச்சாள் ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 17, புதன்

உச்சியில் இரண்டு மொட்டுப் பிளந்து, உள்ளே சுருட்டிய பச்சை. இரண்டே இரண்டு. கத்தவேணும் போல இருந்தது, வேலையில் மீட்டிங்.

ஏப்ரல் 20, சனி

பல்கனி பார்க்கப் போனோம். கிழக்கு, காலை வெயில் பதினொரு மணி வரை, அது நல்லது. காற்று நல்லதில்லை. கையில் இருந்த காகிதத்தைப் பறித்துக்கொண்டு போனது. துளிர் இலை இரண்டு மணித்தியாலத்தில் ஓரம் கருகிவிடும். கைப்பிடிக்குக் கீழே தரையில் வைத்து, மூங்கில் தட்டி கட்டி... மேலே எதையும் தொங்கவிடக்கூடாது என்பது கட்டிடத்தின் சட்டம், தரையைப் பற்றி ஒன்றும் எழுதியில்லை. மகள் அறையை அளந்தாள். என்னிடம் அளவு நாடாவைத் தரவில்லை.

ஏப்ரல் 24, புதன்

ராத்திரி உறையுமாம். மூன்றையும் குசினிக்குப் பக்கத்துப் படியில் ஏற்றினேன். தமராக்கையும். அது தேவையில்லை, ஊசி இலை பொடிப்பொடியாக வந்து வடிவாக இருக்கிறது, அதனால்தான்.

ஏப்ரல் 27, சனி

பெட்டி, பெட்டி, பெட்டி. எல்மின் செத்த கொப்பை வெட்டினேன். அது இல்லாமல் மரம் ஒரு பக்கம் சாய்ந்து காற்றுக்கு நிற்கிற மாதிரி. முன்பக்கத்தை மாற்றினால் சரிவரும்.

ஏப்ரல் 29, திங்கள்

சூலத்தில் பதினேழு இலை. முதல் இலை பெருவிரல் நகத்தளவு, மூன்று முனையும் தெரிகிறது.

வெறும் வீட்டில் அளவு நாடாவோடு திரிந்தேன். டெக் கைப்பிடி 36. பக்கக் கேற் 41. டெக்கில் இறங்குகிற படி 48. குசினி ஜன்னல் 33. மகள் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, நாடாவின் மற்றத் தலைப்பைப் பிடித்தாள். இரண்டு பேருமாக மேல்மாடி முழுக்க அளந்தோம்.

கராஜ் இன்னும் அளக்கவில்லை. லொறி பத்து மணிக்கு. விடிய எழும்பி